புடாபெஸ்ட்: ஆற்றங்கரைப் பெரிய ஹோட்டலா, கோட்டைக் குன்றின் சிறு விடுதியா?

ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட் செல்வோர் பலர், டான்யூப் நதியின் பெஸ்ட் கரையிலுள்ள பெரிய ஹோட்டலில் தங்குவதா, எதிரே புடா கோட்டைக் குன்றின் மேலுள்ள சிறு விடுதியில் தங்குவதா என்று தயங்குகிறார்கள்.

காட்சி: பெரிய ஹோட்டலுக்கே முதலிடம். குன்றின் மேல் தங்குபவருக்குக் கோட்டையின் முழுத்தோற்றம் கிடைப்பதில்லை. 1849-இல் திறக்கப்பட்ட சங்கிலிப் பாலமும், அதற்கு அப்பால் இரவு விளக்கொளியில் எழுந்து நிற்கும் கோட்டை அரண்மனையும் பெஸ்ட் கரைச் சன்னலிலிருந்துதான் ஒருசேரத் தெரிகின்றன.

செலவு: ஆற்றைப் பார்த்த அறைக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. அதை மிச்சப்படுத்தத் தெருப்பக்க அறையை எடுப்பதானால், கரையோர ஹோட்டலைத் தேடிப் போவதில் பொருளே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

போக்குவரத்து: பெஸ்ட் கரையில் 2-ஆம் எண் டிராம் ஆற்றை ஒட்டியே நாடாளுமன்றம் வரை செல்கிறது. குன்றுக்கு 16-ஆம் எண் பேருந்தும், 1870-இல் தொடங்கிய இழுவை ரயிலும் இருந்தாலும், கற்கள் பாவிய தெருக்களில் பெட்டியை உருட்டிச் செல்வது முதியவர்களுக்குக் கடினம்.

அமைதி: இங்கே குன்றுதான் வெல்கிறது. பகல்நேரக் கூட்டம் இறங்கிய பின், மத்தியாஸ் தேவாலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நிதானமாக நடக்கலாம்.

பெற்றோருடன் முதன்முறை செல்பவர்களுக்கு ஆற்றங்கரை ஹோட்டலும், நகரை ஏற்கெனவே பார்த்துவிட்ட தம்பதியருக்குக் குன்றின் விடுதியும் பொருந்தும்.