காயில் ஸ்பிரிங்கை அமுக்க: கொக்கி ஜோடியா, ஹைட்ராலிக் ஸ்டாண்டா, பட்டறையா?

முன்பக்க ஷாக் அப்சார்பர்களை வீட்டிலேயே மாற்றுவது என்று முடிவெடுத்தபோது, ஸ்பிரிங்கை எந்தக் கருவியால் அமுக்குவது என்பதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். மாருதி ஸ்விஃப்ட், வேகன் ஆர் போன்ற கார்களின் முன்பக்கத்தில் உள்ள மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டை (ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்த அமைப்பு) வண்டியிலிருந்து கழற்றிய பிறகும், அதன் ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலேயே இருக்கும். அதை அடக்கி வைத்திருப்பது உச்சியில் உள்ள ஒரே ஒரு நட்டுதான். மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கை 100 மி.மீ. அமுக்கினால், அது ஏறத்தாழ 200 கிலோ எடைக்கு நிகரான விசையோடு திமிறிக்கொண்டிருக்கும். ஆகவே ஸ்பிரிங் மேல் தட்டிலிருந்து விடுபட்டுக் கையால் அசைக்க வருகிற வரை அந்த நட்டைத் தொடக் கூடாது. இது எல்லாக் கருவிக்கும் பொது.

ஹைட்ராலிக் ஸ்டாண்ட் பாதுகாப்பில் ஒரு படி மேல் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அகலமான கவ்விகள் காயிலைப் பிடித்துக்கொள்ள, ஜாக்கி நேர்க்கோட்டில் அமுக்குவதால், ஸ்பிரிங் ஒரு பக்கமாக வளைய இடமில்லை. ஆனால் அது கனமானது, இடத்தை அடைப்பது, விலையும் கூடுதல். இதையே தொழிலாகச் செய்பவருக்கு ஏற்றது.

நான் தேர்ந்தெடுத்தது கொக்கி ஜோடி: இரு முனையிலும் கொக்கி உள்ள, நட்டை முறுக்கினால் ஸ்பிரிங்கை அமுக்கும் இரண்டு மரைத் தண்டுகள். வாங்குவதானால், ஒவ்வொரு முனையிலும் இரட்டைக் கொக்கியும், காயில் நழுவாமல் தடுக்கும் பூட்டுப் பின்னும் உள்ளதையே வாங்குங்கள். இரண்டையும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இதற்குச் சில சுற்று, அதற்குச் சில சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஸ்ட்ரட்டின் முனை யாரையும் நோக்கி இருக்கக் கூடாது.

என் முடிவைத் தீர்மானித்தது மரையின் பராமரிப்பு. மேலே சொன்ன 200 கிலோவை இரண்டு மரைத் தண்டுகளே பகிர்ந்து தாங்குகின்றன. மரை காய்ந்திருந்தால் இரும்பும் இரும்பும் உராய்ந்து பற்றிக்கொள்ளும். நட்டு இறுகியதும் ஸ்பேனரில் பைப்பைச் செருகி முறுக்கத் தோன்றும். தண்டு முறுக்கேறுவதும் மரை சிதைவதும் அப்போதுதான். எனவே ஒவ்வொரு முறையும் மண்ணெண்ணெயும் கம்பிப் பிரஷும் கொண்டு மரையைத் துடைத்து, நட்டைக் கையாலேயே முழு நீளத்துக்கும் ஓட்டிப் பார்க்கிறேன். எங்காவது பிடித்தால் அந்தத் தண்டைப் பயன்படுத்துவதில்லை. சமதளத்தில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். கொக்கியின் அடியில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே கிரீஸ் தடவுகிறேன். நட்டை அதிர்வோடு அடித்து முறுக்கும் இம்பாக்ட் ரெஞ்சைக் கிட்டவே கொண்டுவருவதில்லை. வேலை முடிந்ததும் மறுபடி கிரீஸ் பூசி, எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கிறேன். கடற்காற்று படும் ஊர்களில் இதை விட்டுவிட்டால் துரு விரைவிலேயே ஏறிவிடும்.

இதே காரணத்தால்தான் இரவல் கருவியை நான் ஏற்பதில்லை. பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், அதை முன்பு யார் இம்பாக்ட் ரெஞ்சால் முறுக்கினார்கள், எத்தனை நாள் ஈரத்தில் கிடந்தது என்பது நமக்குத் தெரியாது. சொந்தக் கருவியின் வரலாறு நம் கையில் இருக்கிறது.

சிறிய கார்களில் மட்டுமே எனக்கு அனுபவம் உண்டு என்பதால், தடித்த கம்பியுள்ள பெரிய எஸ்யூவி ஸ்பிரிங்குக்கு இந்த ஜோடியைப் பரிந்துரைக்கத் தயங்குவேன். சுற்றுகள் குறைவாகவோ, நடுவில் பருத்தோ இருக்கும் ஸ்பிரிங்கில் கொக்கி சரியாகப் படியவில்லை என்றாலும் நிறுத்திவிடுவதே சரி. அப்போது ஸ்ட்ரட்டை மட்டும் வீட்டில் கழற்றி, ஸ்டாண்ட் உள்ள பட்டறையில் கொடுத்து ஸ்பிரிங்கை மாற்றி வாங்கலாம். ஸ்ட்ரட்டைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தியிருப்பதால், எந்த வழியில் செய்திருந்தாலும் பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.