ஹைட்ரஜனை எதில் அடைத்து வைப்பது: சிலிண்டரா, திரவமா, அம்மோனியாவா, உலோகமா?

ஒரு கிலோ ஹைட்ரஜனில் 120 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்த ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள், ஏனென்றால் அதே ஒரு கிலோ சாதாரண அழுத்தத்தில் 11 கன மீட்டருக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் அதை எப்படியாவது சுருக்கியாக வேண்டும். அதற்குத்தான் இத்தனை வழிகள், இத்தனை போட்டி.

பொதுவாக இந்த வழிகளை எடை விழுக்காட்டை வைத்து ஒப்பிடுவார்கள்: நூறு கிலோ பொருளில் எத்தனை கிலோ ஹைட்ரஜன் என்று. எனக்கு அது பாதிக் கணக்காகத்தான் படுகிறது. உள்ளே போட்டதைத் திரும்ப வெளியே எடுக்க எவ்வளவு வெப்பம், எந்த வெப்பநிலையில் கொடுக்க வேண்டும்? இதைக் கேட்டால் தரவரிசையே மாறிவிடும். எரிக்கும்போது ஒரு மோல், அதாவது சுமார் 2 கிராம், ஹைட்ரஜன் 242 கிலோஜூல் தருகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அழுத்திய வாயு. 700 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) ஒரு கன மீட்டரில் சுமார் 40 கிலோ. அழுத்துவதற்கு ஹைட்ரஜனின் ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு செலவாகும், ஆனால் வெளியே எடுக்க வால்வைத் திறந்தால் போதும். ஆய்வகமோ வண்டியோ, சின்ன அளவுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் கருத்து. கார்பன் இழைத் தொட்டியின் விலைதான் இடிக்கிறது.

திரவ ஹைட்ரஜனின் கதை சுவாரசியமானது. ஜேம்ஸ் டூவர் 1898இல் முதன்முதலாக இதைச் சேகரித்தார். கொதிநிலை மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். மற்ற பல வாயுக்களைப் போல அறை வெப்பநிலையில் சட்டென்று விரியவிட்டால் இது குளிராது, மாறாகச் சூடாகும். முதலில் மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே கொண்டுபோன பிறகுதான் விரிவு குளிர்ச்சி தரும். திரவமானபின்னும் தொல்லை விடவில்லை. ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு புரோட்டான்களின் சுழற்சி ஒரே பக்கம் இருந்தால் ஆர்த்தோ, எதிரெதிராக இருந்தால் பாரா. அறை வெப்பநிலையில் முக்கால்வாசி ஆர்த்தோ, திரவ நிலையிலோ ஏறக்குறைய முழுவதும் பாராவாக இருக்கத்தான் அது விரும்பும். இந்த மாற்றம் தானாக நடக்க நாள் கணக்கில் ஆகும், அப்போது வெளிவரும் வெப்பம் அந்தத் திரவத்தை ஆவியாக்கத் தேவையான வெப்பத்தைவிடவே அதிகம்! எவ்வளவு நல்ல தொட்டியில் ஊற்றி வைத்தாலும் உள்ளிருந்தே கொதித்துப் பெரும்பகுதி போய்விடும். அதனால் குளிர்விக்கும்போதே இரும்பு ஆக்சைடு போன்ற வினையூக்கியின் மேல் ஓடவிட்டு மாற்றி முடித்துவிடுகிறார்கள். இத்தனையும் செய்தால் கன மீட்டருக்கு 71 கிலோ, ஆனால் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்விப்பதிலேயே தீர்ந்துவிடும். ராக்கெட்டுக்கு இது சரி. சுய்சோ ஃபிரான்டியர் கப்பல் 2022இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜப்பானுக்குத் திரவ ஹைட்ரஜனைக் கொண்டுபோய்க் காட்டியது, ஆனால் அதன் தொட்டி 1,250 கன மீட்டர்தான். முழுக்க நிரப்பினாலும் 90 டன்னைத் தாண்டாது.

அடுத்தது அம்மோனியா, அதாவது நைட்ரஜனோடு ஹைட்ரஜன் சேர்ந்த சேர்மம். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஹேபர்–போஷ் முறையில் அம்மோனியா செய்யும் ஆலை தொடங்கியதிலிருந்து இதைச் செய்யவும் ஏற்றவும் இறக்கவும் உலகம் பழகிவிட்டது. மைனஸ் 33 டிகிரியிலேயே திரவமாகும். அதில் ஒரு கன மீட்டரில் 120 கிலோ ஹைட்ரஜன், அதாவது தூய திரவ ஹைட்ரஜனில் இருப்பதைவிட அதிகம். ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கத் தேவையான வெப்பமும் ஒரு மோல் ஹைட்ரஜனுக்கு 31 கிலோஜூல்தான். பிறகு ஏன் 500 டிகிரிக்கும் மேல் சூடாக்குகிறார்கள்? உடைந்த நைட்ரஜன் அணுக்கள் வினையூக்கியின் பரப்பை லேசில் விடுவதில்லை, அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து கிளம்பினால்தான் அடுத்த மூலக்கூறுக்கு இடம் கிடைக்கும். ருத்தேனியம் இதை நன்றாகச் செய்யும், ஆனால் அது அரிய உலோகம். அப்புறம் மிச்சம்மீதி அம்மோனியா துளி இருந்தாலும் ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தின் சவ்வு கெட்டுப்போகும். வாகன ஹைட்ரஜனுக்கான பன்னாட்டுத் தரம் அனுமதிப்பது வெறும் 0.1 பிபிஎம், அதாவது ஒரு கோடியில் ஒரு பங்கு. நச்சு வேறு. எனவே அம்மோனியாவை அம்மோனியாவாகவே உரத்துக்கோ எரிபொருளாகவோ பயன்படுத்துங்கள், அதில் அது அருமை. உடைத்து ஹைட்ரஜன் எடுப்பதற்காகவே கடல் கடத்துவது எனக்கு ஒப்பவில்லை.

டொலுயீன் என்ற கரிமத் திரவத்தில் ஹைட்ரஜனை ஏற்றி மெத்தில்சைக்ளோஹெக்சேன் என்ற இன்னொரு திரவமாக்குவது மற்றொரு வழி. 2020இல் புரூனேயிலிருந்து ஜப்பானுக்கு இப்படிக் கொண்டுபோனார்கள். சாதாரண எண்ணெய்க் கப்பலும் தொட்டியும் போதும் என்பது உண்மை. ஆனால் எடையில் 6 விழுக்காடுதான், எடுக்க மோலுக்கு 68 கிலோஜூல், அதுவும் 350 டிகிரிக்கு மேல். கொண்டுவந்ததில் கால் பங்குக்கும் மேல் போய்விட்டது பாருங்கள்! பக்கத்திலேயே வீணாகும் வெப்பம் கிடைக்கிற ஆலைக்கு மட்டும் இது தேறும்.

கடைசியாக உலோக ஹைட்ரைடுகள், அதாவது ஹைட்ரஜனைத் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொண்ட உலோகங்கள். இவற்றைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. மெக்னீசியம் ஹைட்ரைடில் 7.6 விழுக்காடு என்றதும் எல்லாரும் அதன் பின்னால் ஓடுகிறார்கள், ஆனால் அதிலிருந்து எடுக்க 300 டிகிரி அளவில் மோலுக்கு 75 கிலோஜூல் வேண்டும். நிரப்பும்போது அதே வெப்பம் வெளியே வரும்: 5 கிலோவை 5 நிமிடத்தில் நிரப்பினால் 600 கிலோவாட்டுக்கும் மேல் வெப்பத்தை அகற்றியாக வேண்டும். லாந்தனம்–நிக்கல் கலவையைப் பாருங்கள், வெறும் 1.4 விழுக்காடு, 5 கிலோ ஹைட்ரஜனுக்கு 350 கிலோவுக்கும் மேல் உலோகம். எடை விழுக்காட்டுப் பட்டியலில் கடைசி இடம். ஆனால் அம்மோனியாவுக்கு ஆகும் அதே 31 கிலோஜூல் அளவு வெப்பம், அதுவும் அறை வெப்பநிலையிலேயே, ஒரு சில பார் அழுத்தத்தில். தொட்டி உடைந்தால்கூட வாயு வெளியேற வெளியேற உலோகம் குளிர்ந்து, கசிவு தானே மந்தமாகிவிடும். எடை பொருட்டில்லாத இடத்தில், கட்டடத்தின் அடித்தளத்திலோ நீர்மூழ்கிக் கப்பலிலோ, நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகள் பல ஆண்டுகளாக உலோக ஹைட்ரைடு தொட்டிகளோடுதான் ஓடிக்கொண்டிருக்கின்றன.