கேட்வேயா, பெவிலியனா? சாட்ஸ்வொர்த்தையும் டவுனையும் சேர்த்து ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மால் பேச்சு வந்தால் குடும்பமே இரண்டாகப் பிரியும். ரிசர்வாயர் ஹில்ஸ், வெஸ்ட்வில், சாட்ஸ்வொர்த் பக்கத்தவர்கள் பெவிலியனை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கத்தவர்களுக்கு கேட்வேயை மிஞ்சி எதுவும் கிடையாது. ஆனால் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வருஷச் செலவு இந்த இரண்டு மாலோடு முடிவதில்லை. பூஜைச் சாமான், புடவை, தாலி, மசாலா, கீரை என்று வரும்போது சாட்ஸ்வொர்த்துக்கும், நகரத்தின் பழைய மையமான டவுனுக்கும் போயே ஆக வேண்டும். அதனால் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

எத்தனை சதுர மீட்டர், எத்தனை கடை, என்ன சினிமா என்று அளப்பது வழக்கம். அதையும் சொல்கிறேன். எனக்கு முக்கியமான அளவுகோல் வேறொன்று: அந்த இடத்தில் நம்மவர்கள் வாங்குகிறவர்களாக மட்டும் நிற்கிறார்களா, விற்கிறவர்களாகவும் நிற்க முடிகிறதா?

பெவிலியன்: சட்டம் போனதும் வந்த மால்

பெவிலியன் திறந்தது 1993-இல். அந்த வருஷத்தைக் கவனியுங்கள். யார் எங்கே குடியிருக்கலாம் என்று நிறம் பார்த்துப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1991-இல்தான் நீக்கப்பட்டது; எல்லாரும் வாக்களித்த முதல் தேர்தல் 1994-இல். நடுவில் வந்தது இந்த மால். அதுவரை வெஸ்ட்வில் வெள்ளையர் குடியிருப்பு. அதே ஊரின் மலை மேல் 1972 முதல் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் இருந்தது. நம் பிள்ளைகள் அங்கே படிக்கப் போகலாம், பக்கத்துத் தெருவில் வீடு வாங்க முடியாது. சட்டம் போனபின் படித்த அதே தலைமுறை அந்தத் தெருக்களில் வீடு வாங்கியது. மாலுக்கு வாடிக்கையாளர்கள் நடந்து வரும் தூரத்திலேயே உருவானார்கள்.

இடத் தேர்வும் கெட்டிக்காரத்தனமானது. டர்பனுக்கும் பைன்டவுனுக்கும் நடுவே, என்3 நெடுஞ்சாலையை ஒட்டி, என்2 சந்திப்புக்கு அருகில். சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஷால்கிராஸிலிருந்தும் வருவது சுலபம். 1 லட்சம் சதுர மீட்டருக்கு மேல் கடைப்பரப்பு, கண்ணாடிக் கூரை, தூரத்திலிருந்தே தெரியும் குவிமாடங்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு இதுதான் வசதி. ஒரு முனையில் விட்டால் மறு முனையில் கண்டுபிடித்துவிடலாம்.

குறை என்னவென்றால், வளர இடமில்லை. ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மற்ற பக்கங்களில் குடியிருப்பு. உள்ளுக்குள்ளேயே மாற்றி மாற்றிக் கட்டித்தான் புதுப்பிக்க வேண்டும். டிசம்பர் மாதம் உள்ளே நுழையும் சாலையில் கார்கள் நகராமல் நிற்பதும் இதனால்தான்.

கேட்வே: கரும்புத் தோட்டத்தின் மேல்

கேட்வே தியேட்டர் ஆஃப் ஷாப்பிங் 2001-இல் திறந்தது. பெவிலியனைவிட எட்டு வயது இளையது, அளவில் நன்றாகப் பெரியது: 1,50,000 சதுர மீட்டருக்கு மேல். திறந்தபோது ஊரே பேசியது கடைகளைப் பற்றி இல்லை. செயற்கை அலையில் சறுக்கும் குளம், உள்ளரங்கில் பாறை ஏறும் உயரச் சுவர், ஐமேக்ஸ் திரை என்று வேடிக்கைகளைத்தான் பேசினார்கள். பெயரில் தியேட்டர் வந்ததே அதற்காகத்தான்.

ஆனால் அது இவ்வளவு வளர்ந்ததற்கு அலைக்குளம் காரணம் என்று நான் நம்பவில்லை. காரணம் நிலம். உம்லாங்கா ரிட்ஜ் முழுக்கக் கரும்பு விளைந்த மேடு. டொங்காட் ஹியூலெட் சர்க்கரைக் கம்பெனியின் நிலம் அது. கரும்பைவிட மனையில் லாபம் என்று கண்ட கம்பெனி, சின்னச் சின்னத் துண்டாக விற்காமல், நடுவில் மால், சுற்றிலும் அலுவலகம், அடுக்குமாடி, ஹோட்டல், மருத்துவமனை என்று ஒரு புது ஊரையே திட்டம் போட்டு வளர்த்தது. டவுனில் இருந்த பெரிய அலுவலகங்கள் ஒவ்வொன்றாக வடக்கே நகர்ந்தன. 2010 மே மாதம் விமான நிலையமும் நகரத்தின் தெற்கிலிருந்து வடக்கே லா மெர்சிக்கு மாறி, கிங் ஷாகா என்ற பெயரில் திறந்தது. அதோடு டர்பனின் பாரமே வடக்குப் பக்கம் சாய்ந்துவிட்டது. பெவிலியன் ஊர் இருக்கும் இடம் தேடி வந்த மால். கேட்வே தன்னைச் சுற்றி ஊரை வரவழைத்த மால். வளர்ச்சி என்று பார்த்தால் கேட்வேக்குத்தான் வெற்றி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த நிலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நட்டால் பகுதிக்கு வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இந்த வடகரை முழுக்க அவர்கள் வெட்டிய கரும்பு. கேட்வேயிலிருந்து காரில் சில நிமிஷம் போனால் மவுண்ட் எட்ஜ்கோம். சர்க்கரை ஆலையும் கூலி லைன்களும் இருந்த ஊர். இன்று அங்கே கோல்ஃப் மைதானமும் வேலி போட்ட பணக்கார வீடுகளும். மாரியம்மன் கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது; புனித வெள்ளியை ஒட்டி நடக்கும் திருவிழாவுக்கு இப்போதும் ஆயிரக்கணக்கில் கூட்டம். கேட்வேயில் பில் போட நிற்கும்போது இந்த மண்ணில் யார் வேலை செய்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாலுக்குள் அதைச் சொல்லும் ஒரு பலகையாவது பெரிதாக, எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மாலுக்குள் நம் கடை ஏன் குறைவு

இரண்டு மாலிலும் தீபாவளிக்கு விளக்கு அலங்காரம் உண்டு, ரங்கோலி உண்டு. சரி, பண்டிகைப் பொருள் விற்கும் நம்மவர் கடை எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. மாலின் வாடகைக் கணக்கே அப்படி. பெரிய சூப்பர்மார்க்கெட்டும் பெரிய துணிக்கடைகளும் கூட்டத்தை இழுத்து வரும் என்பதால் சதுர மீட்டருக்கு அவர்கள் கொடுக்கும் வாடகை குறைவு. சின்னக் கடைக்காரர் அதைவிடப் பல மடங்கு கொடுப்பார். அதற்கு மேல் பொதுச் செலவில் பங்கு, பல ஒப்பந்தங்களில் விற்பனையில் ஒரு சதவீதம். ஒப்பந்தம் வருஷக்கணக்கில் ஓடும். நடுவில் விட்டுப் போக முடியாது. தீபாவளிக்கும் கல்யாண மாதங்களுக்கும் மட்டும் சூடு பிடிக்கும் புடவைக் கடையோ, குத்துவிளக்கும் கற்பூரமும் விற்கும் கடையோ இதைத் தாங்காது. வங்கியும் மால் முதலாளியும் நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் கம்பெனியைத்தான் நம்புகிறார்கள்.

ஆகவே என் அளவுகோலில் கேட்வேயும் பெவிலியனும் ஏறக்குறைய ஒன்று. நாம் அங்கே வாங்குகிறவர்கள். வேலை செய்கிறவர்களும் கூட. கடை முதலாளி என்று பார்த்தால் சொற்பம்.

சாட்ஸ்வொர்த்: வீடு முதலில், கடை பிறகு

சாட்ஸ்வொர்த்தை அரசு 1960களில் கட்டியது. வெள்ளையர் பகுதிக்கும் உம்லாசி கறுப்பர் குடியிருப்புக்கும் நடுவே இந்தியர்களை வைத்துவிட்டால் தடுப்பாக இருக்கும் என்பது கணக்கு. கேட்டோ மேனரிலும் மற்ற இடங்களிலும் தோட்டம் துரவோடு இருந்தவர்களை எண் போட்ட யூனிட்டுகளில் கொண்டுவந்து இறக்கினார்கள். வீடு இருந்தது, கடை போதாது. துணிமணிக்கும் சாமானுக்கும் பஸ் ஏறி டவுனுக்குத்தான் போனார்கள்.

அந்தக் குறையிலிருந்து இரண்டு வந்தன. ஒன்று சாட்ஸ்வொர்த் சென்டர். சூப்பர்மார்க்கெட், வங்கி, மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் உள்ள நடுத்தர மால். அழகுக்கு யாரும் அங்கே போவதில்லை. மாதச் சாமானை ஒரே சுற்றில் முடிக்க அது போதும். தெரிந்த முகம் ஐந்தாறாவது எதிரே வரும். "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி" என்று நின்று பேசாமல் வெளியே வர முடியாது.

இன்னொன்று வெஸ்ட்கிளிஃபில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட். எந்தக் கம்பெனியும் திட்டம் போட்டுக் கட்டிய மால் அல்ல. ஜனங்கள் தெருவோரம் காய்கறி விற்று விற்றுத் தாங்களே உண்டாக்கியது. வெள்ளி, சனியில் போய்ப் பாருங்கள். கீரைக் கட்டு, பச்சை மிளகாய், டபுள் பீன்ஸ், மீன், மசாலா, சாமிக்குப் பூ, சூடான பஜ்ஜி. ஒரு மேசை போட வழி இருந்தால் வியாபாரம் தொடங்கலாம். வேலை போன ஒருவர், புருஷன் இல்லாத ஒரு அம்மா, வீட்டு ஊறுகாயைக் கொண்டுவந்து வைத்து விற்கத் தொடங்க இந்த ஊரில் இதைவிடச் சுலபமான வாசல் இல்லை. மழையில் கஷ்டம், நிறுத்த இடம் கஷ்டம். இருந்தாலும் என் அளவுகோலில் இரண்டு பெரிய மாலையும் இது முந்திவிடுகிறது.

டவுன்: கிரே ஸ்ட்ரீட்டும் வார்விக்கும்

பெரியவர்கள் டவுன் என்று சொன்னால் கிரே ஸ்ட்ரீட்தான். இப்போது டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட் என்று பெயர். பக்கத்துப் பிரின்ஸ் எட்வர்ட் ஸ்ட்ரீட்டுக்கு நிறவெறியை எதிர்த்துப் போராடிய நம் டாக்டர் கூனம் அம்மையாரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமைதான். ஜும்மா மசூதி, 1927-இல் கட்டிய மதரஸா ஆர்கேட், புடவைக் கடைகள், நகைக் கடைகள். 1897-இல் வந்த வியாபார உரிமச் சட்டம், இந்தியருக்கு உரிமம் மறுத்தால் நீதிமன்றம் போகவும் வழியில்லாதபடி செய்தது. அப்படி நெருக்கி ஒதுக்கிய மூலையில்தான் இவ்வளவும் எழுந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கிரே ஸ்ட்ரீட் கட்டடங்களில் பெரும்பாலானவை குஜராத்தி வணிகர்களுடையவை. ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளான தமிழர்களின் இடம் சந்தை. ஒப்பந்தம் முடிந்தவர்கள் குத்தகை நிலத்தில் காய்கறி போட்டு, விடியற்காலையில் கூடை சுமந்து டவுனுக்கு வந்தார்கள். விக்டோரியா ஸ்ட்ரீட் சந்தை 1910-இல் வந்தது; 1973-இல் தீயில் போனது; வியாபாரிகள் பல வருஷம் தற்காலிக இடத்தில் காத்திருந்து, 1990-இல் புதுக் கட்டடம் கிடைத்தது. இன்று சுற்றுலாக்காரர்கள் மசாலாக் குவியலைப் படம் எடுக்கும் இடம் அதுதான்.

தோட்டக்காரர்களின் அதிகாலைச் சந்தை வார்விக்கில் இருக்கிறது. 1930களிலிருந்து அதே இடம். ஊரின் மினிபஸ் டாக்சி, பஸ், ரயில் எல்லாம் கூடும் முனை என்பதால் தினமும் லட்சக்கணக்கானோர் அதைக் கடக்கிறார்கள். 2009-இல், கால்பந்து உலகக் கோப்பைக்கு முன்னால், அந்தச் சந்தையை இடித்துவிட்டு மால் கட்ட எதெக்வினி மாநகராட்சி திட்டம் போட்டது. மாலுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காதுதான். கூட்டம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தால் பிழைத்தவர்கள் யார்? மூன்று நான்கு தலைமுறையாக மேசை வைத்திருந்த தமிழ்க் குடும்பங்கள், அவர்களோடு தோளோடு தோள் நின்று விற்ற ஜுலுப் பெண்கள், மூட்டை தூக்கிய வண்டிக்காரர்கள். எல்லாரும் சேர்ந்து தெருவில் நின்றார்கள். போலீஸ் ரப்பர் குண்டு சுட்டது. லீகல் ரிசோர்சஸ் சென்டர் என்ற சட்ட உதவி அமைப்பு வழக்காடியது. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது, சந்தை நின்றது. நான்கு இடங்களின் கதையில் எனக்கு நெஞ்சு நிமிர்வது இங்கேதான். மால் வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. விற்கிறவர்களைத் துரத்திவிட்டு வரும் மால் வேண்டாம் என்பதுதான்.

டவுனின் குறைகளை மறைக்கவும் வேண்டாம். பாதுகாப்பு பயம் நிஜம். கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கார் நிறுத்த இடம் தேட வேண்டும். குப்பை சரியாக அள்ளப்படுவதில்லை. பல பழைய கடைகள் புறநகருக்குப் போய்விட்டன. கேம் என்ற பெரிய கடைக் கம்பெனி தன் முதல் கிளையை 1970-இல் டவுனில் ஸ்மித் ஸ்ட்ரீட்டில்தான் திறந்தது; அந்தக் காலத்து டவுன் வேறு. மின்வெட்டு மோசமாக இருந்த வருஷங்களில் மால்கள் ஜெனரேட்டர் போட்டு ஜொலித்தன, சந்தைக்காரர்கள் பகல் வெளிச்சத்தை நம்பி விற்றார்கள்.

அப்புறம், யார் எங்கே போவது?

சினிமா, பிள்ளைகளின் பிறந்தநாள், ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்கு நவீன டர்பனைக் காட்டுவது: கேட்வே. பள்ளிக்கூடச் சீருடை, காலணி, போன், வயதான தாத்தாவோடு ஒரு மதியச் சாப்பாடு: பெவிலியன். மாதச் சாமான்: அவரவர் வீட்டுக்கு அருகில், சாட்ஸ்வொர்த்காரர்களுக்குச் சாட்ஸ்வொர்த் சென்டர். கல்யாணப் புடவையும் தாலியும் டவுனில் வாங்குங்கள். ஒரு தெருவில் பத்துக் கடை ஏறி இறங்கி விலை பேசும் வசதி எந்த மாலிலும் கிடையாது.

மால் முதலாளிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதமும் நடைபாதையில் குறைந்த வாடகைக்கு மேசை கொடுங்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் வியாபாரிகள் அகல்விளக்கும் முறுக்கும் கீரையும் கொண்டுவருவார்கள். உங்கள் அலங்காரத்துக்கும் அர்த்தம் வரும்.

அதுவரை புரட்டாசி விரதத்துக்குக் காய்கறியும் வாழையிலையும் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை விடியற்காலை வார்விக் சந்தைக்குப் போங்கள், அல்லது அன்றே பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு. சனிக்கிழமை காலை வரை தள்ளிப்போட்டால் விலையும் ஏறியிருக்கும், நல்ல இலையும் தீர்ந்திருக்கும்.