மீன பார்க்கத் தெரிஞ்ச கடை, கொளத்தூர்

சென்னை கொளத்தூர்ல வரிசையா வளர்ப்பு மீன் கடைதான், குப்பி மோலி ஃபைட்டர்லாம் எங்க வாங்குனாலும் பெருசா வித்தியாசம் இல்ல. இந்த கடைக்கு நான் அஞ்சு ஸ்டார் குடுக்குறதுக்கு காரணம் கடைக்கார அண்ணன்தான், மனுஷனுக்கு மீன பார்க்கத் தெரியும்.

சிகாகோ பக்கம் இருக்குற அக்கா பையன் ஏரில தூண்டில் போட்டு புடிச்ச மீன போட்டோ அனுப்பிருந்தான், பார்க்க நம்ம ஜிலேபி மீன் (திலாப்பியா) மாதிரியே இருந்துச்சு. போன காட்டுனதும் எந்த ஊர்ல புடிச்சதுன்னு கேட்டுட்டுதான் பேர் சொன்னாரு, "தம்பி இது புளூகில், சன்ஃபிஷ்ல ஒரு வகை". போட்டோவ பெருசாக்கி ஒவ்வொன்னா காட்டுனாரு, செவுள் மூடி ஓரத்துல காது மாதிரி ஒரு மடல், அது முழுக்க கருப்பு, சின்ன வாய், நீளமா கூரான பக்க துடுப்பு, முதுகு துடுப்போட பின்பக்கம் ஒரு கருப்பு திட்டு. அந்த மடல் ஓரத்துல சிவப்பு புள்ளி இருந்து கன்னத்துல நீலக்கோடு வளைஞ்சு வளைஞ்சு ஓடுனா அது பம்ப்கின்சீடுங்குற இன்னொரு சன்ஃபிஷாம்.

ஆனா ஜிலேபி குஞ்சுக்கும் முதுகு துடுப்புல கருப்பு புள்ளி உண்டு, அத மட்டும் நம்பாதீங்கன்னு சொல்லி ஆஸ்கர் மீன் தொட்டிகிட்ட கூட்டிட்டு போனாரு. ஆஸ்கரும் ஜிலேபியும் ஒரே குடும்பம், மூக்கு ஓட்டை பக்கத்துக்கு ஒன்னுதான், உடம்புல ஓடுற கோடும் நடுவுல அறுந்து கீழ தள்ளி மறுபடி ஆரம்பிக்கும். சன்ஃபிஷ்க்கு ஓட்டை பக்கத்துக்கு ரெண்டு, கோடும் அறுந்து போகாம வாலு வரைக்கும் போவும். தொட்டிய பார்த்துகிட்டே கேட்டதால டக்குனு புரிஞ்சிடுச்சு.

புளூகில்லோட சொந்த இடம் வட அமெரிக்காவுல ராக்கி மலைக்கு கிழக்க, கிரேட் லேக்ஸ்ங்குற பெரிய ஏரிங்கள்ல இருந்து மெக்சிகோவோட வடகிழக்கு வரைக்கும், சிகாகோ இருக்குற இல்லினாய் மாநிலத்தோட மாநில மீனே அதுதான். வரவழைச்சு தர முடியுமாணானு கேட்டேன், காசு குடுத்தாலும் மாட்டேன்னுட்டாரு. 1960ல சிகாகோ போன ஜப்பான் இளவரசர் அகிஹிட்டோவுக்கு பரிசா குடுத்த புளூகில் ஜப்பான் ஏரிங்கள்ல பரவி உள்ளூர் மீனுங்களுக்கு பெரிய பாதிப்பாயிடுச்சு, 2007ல சக்கரவர்த்தியா இருந்தப்போ அவரே அதுக்கு வருத்தப்பட்டு பேசிருக்காரு. நம்மூர்லயும் ஜிலேபி 1952ல வெளிய இருந்து வந்ததுதானே, இப்ப எந்த ஏரில இல்ல சொல்லுங்க. வியாபாரம் போனாலும் பரவால்லனு இப்படி சொல்ற கடைக்காரங்க ரொம்ப கம்மி, எனக்கு அதுதான் ரொம்ப புடிச்சுது.

தொட்டி, ஃபில்டர் விலை கொஞ்சம் ஜாஸ்தி, வண்டி நிறுத்த இடம் இல்ல. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அவர்கிட்ட பேசவே முடியாது, வாரநாள்ல போங்க, மீன் கேக்கணும்னா துடுப்ப விரிச்சு பக்கவாட்டுல எடுத்த போட்டோவா கொண்டு போங்க.