'பிட்யூட்டரிக்கு மாத்திரையே வேண்டாம்' என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்

40,000 போச்சு. பணத்தோடு போயிருந்தால் திட்டிவிட்டுப் படுத்திருப்பேன். தலைக்குள் இருக்கிற கட்டியும் வளர்ந்திருக்கிறது. எம்ஆர்ஐ ரிப்போர்ட் இன்றுதான் கைக்கு வந்தது.

எனக்கு இருப்பது புரோலாக்டினோமா. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வருகிற, புற்றுநோய் அல்லாத கட்டி. ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும் பிட்யூட்டரி கட்டிகளில் இதுதான் நிறைய பேருக்கு வருவது. மாதவிலக்கு நின்று, பிள்ளை பெறாமலேயே மார்பில் பால் கசிந்தபோது கண்டுபிடித்தார்கள். 10 மில்லிமீட்டருக்கும் குறைவு. வாரம் இரண்டு முறை கேபர்கோலின் மாத்திரை. பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையிலேயே சுருங்கிவிடும், அறுவை சிகிச்சை வரை போகாது. எனக்கும் குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் மாத்திரை போடும் நாளெல்லாம் குமட்டல், எழுந்தால் தலைசுற்றல்.

அந்த நேரம் பார்த்து விளம்பரம் வந்தது. 'ஹார்மோன் சமநிலை' விற்கிற ஆன்லைன் ஆரோக்கிய நிறுவனம். போனில் பேசிய ஆலோசகர் அவசரமே படவில்லை. தூக்கம் எப்படி, மனசு எப்படி, பால் கசிவதை வீட்டில் சொல்ல முடிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதையெல்லாம் அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இது கேன்சர் இல்லையே மேடம், எதுக்கு வருஷக்கணக்கா மாத்திரை?" அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் 40,000. இன்றைக்குள் கட்டினால் சலுகை என்றார்கள், கட்டினேன்.

கேன்சர் இல்லை என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமா? கட்டி மேல்பக்கமாக வளர்ந்தால் பார்வை நரம்புகளை அழுத்தும், பக்கவாட்டுப் பார்வை போகும். இந்தக் கட்டி அதிகமாகச் சுரக்கிற, பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் நெடுநாள் ஏறியே இருந்தால், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு பலவீனமாகும். இதில் ஒன்றையும் அந்த ஆலோசகர் அம்மா சொல்லவில்லை.

ஒரு பவுடர், ஒரு டப்பா கேப்சூல். கேபர்கோலினை நிறுத்தச் சொன்னார்கள். சில வாரம் கழித்து அவர்கள் ஏற்பாட்டிலேயே ரத்தப் பரிசோதனை. புரோலாக்டின் நார்மல்! வாழ்த்துச் செய்தி வேறு அனுப்பினார்கள். ஆனால் பால் மறுபடி கசிந்தது, தலைவலி வேறு. கேட்டால், "கழிவு வெளியேறுது மேடம், நல்ல அறிகுறி."

பழைய டாக்டரிடம் ஓடினேன். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, முடிக்கு ஏதாவது கேப்சூல் சாப்பிடுகிறீர்களா என்பது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், முடிக்கு என்று விற்கிற வைட்டமினான பயோட்டின், 10 மில்லிகிராம். ஒரு நாளைக்கு உடம்புக்கு 30 மைக்ரோகிராம் போதும். இவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில வகைப் பரிசோதனைக் கருவிகளில் புரோலாக்டின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017லேயே இப்படிப்பட்ட தவறான முடிவுகள் பற்றி எச்சரித்திருக்கிறது. கேப்சூலை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தப் பரிசோதனை எடுத்தோம். எகிறிப் போயிருந்தது. தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்பது எனக்கு வேண்டாத ஆராய்ச்சி.

பணத்தைக் கேட்டேன். முதலில் "மேலதிகாரி கூப்பிடுவார்." அப்புறம் "முழு கோர்ஸை முடிக்கவில்லையே." அப்புறம் "ஆலோசனைக் கட்டணம் திரும்பத் தரப்படாது." அன்று உருகி உருகிப் பேசிய ஆலோசகரின் எண்ணில் நான் இப்போது பிளாக். 40,000க்கு மிஞ்சியது பாதி காலியான ஒரு டப்பா. குமட்டலுக்கு டாக்டர் சொன்ன வழி என்ன தெரியுமா? மாத்திரையைச் சாப்பாட்டோடு, படுக்கப் போகும் முன் போடுவது, அளவைக் குறைத்து ஆரம்பித்து மெல்ல ஏற்றுவது. காசே ஆகாது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இப்போதைக்கு இவ்வளவுதான். யார் சொன்னாலும் ஹார்மோன் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பிட்யூட்டரி வேலை செய்யாமல் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் கொடுக்கும் முன் சாப்பிடுகிற எல்லா கேப்சூலையும் லேபில் சொல்லுங்கள். திடீரென்று தாங்க முடியாத தலைவலி, கூடவே வாந்தி, பார்வை மங்கல் என்றால் யாருக்கும் போன் போட்டு ஆலோசனை கேட்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். பணம் கட்டிய ரசீது, சாட் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என் சாட்டில் பாதியை அவர்கள் அழித்துவிட்டார்கள், மீதியை வைத்துத்தான் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.