மனச்சோர்வு: காரணம் மூளையிலா, வாழ்க்கையிலா?

ஒருவர் மாதக்கணக்கில் சோர்ந்து கிடக்கிறார். ஏன் என்று கேட்டால், மூளையில் ஒரு வேதிப்பொருள் குறைந்துவிட்டது என்கிறது, எதையும் சிறு கூறுகளாகப் பிரித்துப் பார்க்கும் பகுப்பு நோக்கு. வேலை, குடும்பம், இழப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார் என்கிறது முழுமை நோக்கு.

பகுப்பு நோக்கை மட்டம் தட்டுவது சிலருக்குப் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃபீனைல்கீட்டோனூரியா என்றொரு பிறவிக் கோளாறு. 1934இல் நார்வே மருத்துவர் ஃபோலிங் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து அதைக் கண்டுபிடித்தார். கோளாறு ஒரே ஒரு நொதியில்தான். பிறந்தவுடன் கண்டுபிடித்து உணவை மாற்றினால், அறிவு வளர்ச்சி பாதிக்காமல் காப்பாற்றிவிடலாம். தாயின் வளர்ப்பை எவ்வளவு அலசினாலும் இந்த விடை கிடைத்திருக்காது.

மனச்சோர்வில் கதை வேறு. 1950களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் மாத்திரை நோயாளிகளை உற்சாகமாக்கியது. அது மூளையில் செரட்டோனின் போன்ற வேதிப்பொருள்களைக் கூட்டும் மருந்து. அப்படியானால் அவை குறைந்ததால்தான் சோர்வு என்ற முடிவு பின்னால் வந்தது. தைலம் தடவினால் தலைவலி விடுகிறது; அதற்காகத் தைலம் குறைந்து தலைவலி வந்தது என்போமா? பிற்பாடு வந்த மருந்துகளும் செரட்டோனினைச் சில மணி நேரத்திலேயே கூட்டுகின்றன, மனம் தேறவோ வாரக்கணக்காகிறது. மாத்திரை பலருக்குக் கேட்கிறது என்பது உண்மைதான். விளக்கம்தான் நிற்கவில்லை.

சரி, முழுமை நோக்கு? 1977இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கெல் உடல், மனம், சமூகம் மூன்றையும் பார்க்கச் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் எல்லாமே காரணம் என்றால் எதைச் சோதித்துப் பார்ப்பது?

எனக்குப் பிடித்தது சமூக ஆய்வாளர்கள் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் லண்டன் கேம்பர்வெல் பெண்களிடம் செய்த ஆய்வு. 1978இல் நூலாக வந்தது. பெரிய இழப்பைச் சந்தித்த எல்லாரும் சோர்வில் விழவில்லை. மனம்விட்டுப் பேச ஆளில்லாதவர்கள், 11 வயதுக்குள் தாயை இழந்தவர்கள், வெளிவேலை இல்லாதவர்கள், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூன்று பேராவது வீட்டில் இருந்தவர்கள், இவர்கள்தான் எளிதில் விழுந்தார்கள். ஆய்வாளர்கள் முழு வாழ்க்கையையும் பார்த்தார்கள். ஆனால் எண்ணிப் பார்த்தார்கள்.

அப்புறம் 1990களில், நாள்பட்ட சோர்விலிருந்த லண்டன் பெண்களில் ஒரு பகுதியினருக்குப் பேச்சுத்துணைக்குத் தன்னார்வலர்களை அனுப்பினார்கள். மற்றவர்களைக் காத்திருக்க வைத்தார்கள். மருந்தைச் சோதிப்பது போலவே, ஒரே ஒரு காரணியைப் பிரித்தெடுத்து நடந்த சோதனை. துணை கிடைத்தவர்களில்தான் அதிகம் பேர் தேறினார்கள்.