பண்பொழி மலைச்சாலையில் ஞாயிறு ஓட்டப் பயிற்சி: ஒரு மதிப்புரை

நண்பர்கள் சேர்ந்து ஓடுவதில் உள்ள பெரிய சங்கடம் வேகம். சமதரையில் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே வேகமானவர் முன்னே போய்விடுகிறார். மெதுவானவர் மூச்சிரைக்கத் தனியாக ஓடி முடிக்கிறார். தென்காசிப் பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் ஞாயிறுதோறும் விடியற்காலையில் நடத்தும் மேட்டு ஓட்டப் பயிற்சிக்கு எங்கள் நண்பர் குழு கடந்த சாரல் காலத்திலிருந்து போய் வருகிறது. அந்தச் சங்கடத்துக்கு நான் கண்டவற்றுள் நல்ல தீர்வு இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பயிற்சி நடக்கும் இடம் பண்பொழி திருமலைக்கோவிலுக்கு ஏறும் வாகனச் சாலை. அடிவாரத்தில் கால் மணி நேரம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிய பிறகே ஏற்றத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். விசில் ஊதியதும் எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து ஒரு நிமிடம் மேல்நோக்கி ஓட வேண்டும். மறுவிசில் கேட்டதும் அவரவர் எட்டிய இடத்தில் சாலையோரமாக ஒரு கல்லை வைத்துவிட்டு, மெல்ல இறங்கிக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். தூரத்தை விட்டு நேரத்தை அளவாகக் கொண்டதில்தான் இதன் நுட்பம் இருக்கிறது. அதிக தூரம் ஏறியவர் அதிக தூரம் இறங்கி வர வேண்டியிருப்பதால், அரை மாரத்தான் ஓடும் வங்கி ஊழியரும் ஐம்பதைத் தாண்டிய பள்ளி ஆசிரியரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கோட்டில் வந்து சேர்கிறார்கள். இப்படி எட்டு முறை. முதல் ஏற்றத்தில் வைத்த கல்லை எட்டாவது ஏற்றத்திலும் தொட்டுவிட வேண்டும் என்பதே இலக்கு. தொடக்கத்தில் வீராப்பாகப் பாய்ந்தவர்கள் கடைசியில் தங்கள் கல்லை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். ஏற்றத்தில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை நம்பிப் பயனில்லை, உடம்பின் உழைப்பை அளந்துதான் ஓட வேண்டும் என்பதை அந்தக் கல்லே கற்றுக்கொடுத்துவிடுகிறது.

பயிற்சியாளர் வளைவில் நின்றுகொண்டு ஒவ்வொருவரையும் கவனிக்கிறார். "அண்ணாச்சி, இடுப்ப மடக்காதீங்க, கணுக்கால்லேருந்து சாயுங்க, கைய நல்லா வீசுங்க" என்று அவர் சொன்ன திருத்தத்தை அடுத்த ஏற்றத்திலேயே என் நண்பரின் கால்களில் பார்க்க முடிந்தது. எட்டு வைக்கும் தூரம் குறைந்தது. குதிகால் இடிப்பதும் நின்றது. மேட்டில் வேகம் குறைவாக இருப்பதால் பாதத்தில் விழும் அதிர்ச்சியும் குறைவு. இதயமும் கெண்டைக்காலும் மட்டும் முழுமையாக உழைக்கின்றன. இது நேற்று வந்த உத்தி அன்று. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தம் வீரர்களை இப்படி மேடுகளில் ஓடவிட்டே வலுவாக்கினார். அவர்களுள் பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள்.

குறை என்று சொன்னால் இறக்கத்தைத்தான் சொல்ல வேண்டும். ஏறுவதற்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட இறங்குவதற்குக் காட்டுவதில்லை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாத அளவுக்கு வலி வருவது அதனால்தான். இளைஞர்கள் தடதடவென்று ஓடி இறங்குவதைப் பயிற்சியாளர் கண்டிக்கவில்லை. எங்கள் குழுவில் ஒருவருக்கு முழங்கால் வீங்கிய பிறகு, இறக்கத்தில் நடந்தே வருவது என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் மாதம் முழுவதும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

கட்டணம் நியாயமானதே. தண்ணீர் மட்டும் நாமே கொண்டுபோக வேண்டும். முடிந்ததும் தரும் கருப்பட்டிக் காபி அருமையாக இருக்கிறது. சஷ்டி, கார்த்திகை போன்ற நாட்களில் கோவிலுக்கு வரும் வண்டிகள் அதிகம் என்பதால் பயிற்சியை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். அந்தப் பொறுப்பு பாராட்டத்தக்கது.

தனியாகச் சேர்வதைவிட மூன்று நான்கு நண்பர்களாகச் சேருங்கள். ஆறாவது ஏற்றத்தில் கால் கெஞ்சும்போது பக்கத்தில் தெரிந்த மூச்சுச் சத்தம் கேட்பது பெரிய துணை. ஆனி, ஆடி மாதங்களில் சாரலில் சாலையோரம் பாசி பிடித்து வழுக்கும் என்பதால், அடிப்பாகம் தேய்ந்த காலணியோடு அங்கே போக வேண்டாம்.